கச்சான் காலத்தில் நின்ற தண்ணீர்

பத்து வயதில் நான் ஒரு தண்ணீர்க் குழாயை அடைத்தேன். அந்தப் பழி ஒரு பெண்ணின் தலையில் விழுந்தது. அவள் மேல் குற்றமில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். சொல்லவில்லை. அதனால் அவளுடைய வாழ்க்கை போயிற்று.

இதைக் கடைசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று வாழ்நாள் முழுவதும் தள்ளிப்போட்டவன் நான். அதனால் இங்கே முதலிலேயே எழுதிவிட்டேன்.

இலங்கையில், ஊவாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் என்னோடு ஒத்த வயதில் வளர்ந்தவர்களுக்குக் கச்சானைப் பற்றி விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பள்ளிப் புத்தகத்தில் கோடைகாலம் என்று ஒரு படம் இருந்தது. மாம்பழம், பனைவிசிறி, நிழலில் படுத்திருக்கும் மாடு. எங்கள் கோடை அப்படி இருக்காது. எங்களுடையது கச்சான் காற்று. மலையின் மேற்குப் பக்கத்தில் மழையையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, வெறுங்கையோடு அப்புத்தளை மேட்டைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும். ஆனி பிறந்தால் தொடங்கி ஆடி முழுக்க அடிக்கும். தகரக் கூரை பறக்காமலிருக்க தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒவ்வொரு லயத்துக் கூரையிலும் பாறாங்கற்களை ஏற்றி வைத்திருப்பார்கள். பகலெல்லாம் தகரம் அடித்துக்கொண்டே இருக்கும். உதடு வெடித்து இரத்தம் கசியும். அம்மா தேங்காயெண்ணெய் தடவுவாள். எதிர்மலையில் மானாப்புல் செம்பு நிறமாகி, ஏதோ ஒரு நாள் யாரோ வைத்த தீயில் எரியும். கொடியில் காயும் துணியில் கரித்துகள் ஒட்டியிருக்கும்.

அந்தக் காற்றுதான் தேயிலைக்கு மணம் கொடுக்கிறது. கொழுந்து சுருங்கிச் சிறுத்துவிடும், கூடை நிறையாது, பெண்கள் நிறுவையில் திட்டு வாங்குவார்கள். ஆனால் தொழிற்சாலைப் பக்கமிருந்து வரும் வாசனையில் தோட்டத்துத் துரை சிரித்துக்கொண்டு நடப்பார். லயத்தில் தேத்தண்ணீர் வைக்கத் தண்ணீர் இல்லாத அந்த நாட்களில்தான் எங்கள் தேயிலை மிக உயர்ந்த தேயிலையாக இருந்தது என்பதைப் பிற்காலத்தில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் தோட்டம் ஹாலிஎலைக்கு மேலே இருந்தது. லயத்துக்குத் தண்ணீர் தந்தது ஒரே ஒரு பீலி. மலையிலிருந்து குழாய் வழியாக இறங்கி வந்து கல்லின் மேல் விழும் நீர். மழைக்காலத்தில் என் கைத் தடிமனுக்கு விழும். கச்சானில் பென்சில் அளவாகும், பிறகு நூலாகும். அப்போது குடங்கள் வரிசையில் நிற்கும். குடம் இல்லாதவர்கள் இடம் பிடிக்க ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். எங்கள் குடத்தின் இடுப்பில் ஒரு நசுங்கல் இருந்தது. எத்தனை குடம் நின்றாலும் அதை நான் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பேன்.

தண்ணீரின் தலை மேலே, காட்டுத் துண்டு ஒன்றுக்குள் இருந்தது. அங்கே ஊற்று ஒன்றைச் சுற்றி லயத்து ஆண்கள் தாங்களே கட்டிய சிறு தொட்டி. அதன் அடியில் குழாய் வாய். தொட்டிக்குப் போகும் பாதையில், சற்றுக் கீழே, குங்குமம் அப்பிய ஒரு கல். அதுதான் முனி. தண்ணீர் முனியுடையது என்பது எங்கள் நம்பிக்கை. தொட்டிக்குள் யாரும் கை விடக்கூடாது. சுத்தம் செய்வதென்றாலும் முதலில் பூசை, பிறகுதான் கை. வீட்டுக்குத் தூரமான நாட்களில் பெண்கள் அந்தக் கல்லைத் தாண்டக்கூடாது. பூசை வைப்பவர் என் பெரியப்பா. கோயிலுக்கும் லயத்துக்கும் அவர்தான் தலைவர்.

அந்த வருடம்தான் லயத்தின் கடைசி அறைக்கு, கடைசிக் காம்பராவுக்கு, ஒரு புதுப்பெண் வந்திருந்தாள். அவள் புருசன் எனக்கு அண்ணன் முறை. அதனால் அவள் எனக்கு மதினி. ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள். இருபது வயதுகூட இருக்காது. நான் பையைத் தூக்கிக்கொண்டு போனால், "ஒதுங்குங்க, ஒதுங்குங்க, பள்ளிக்கூடத்து ஐயா வர்றாரு" என்று வழிவிட்டு நிற்பாள். எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருக்கும்.

பீலியில் அவளுக்கு எப்போதும் கடைசி இடம்தான்.

"ஏம்மா புதுப்பொண்ணு, ஒங்க ஊர்ல குடத்த வச்சா தானா நெறஞ்சிருமோ?" என்று ஒருத்தி கேட்பாள்.

"விடியமுன்னமே கல்லு வச்சேங்க அக்கா. யாரோ தள்ளிவிட்டுட்டாங்க."

"யாரோன்னா யாரு? கச்சான் காத்துதான் தள்ளியிருக்கும். ஆளே பறக்குது, கல்லு பறக்காதா?"

எல்லோரும் சிரிப்பார்கள். என் அம்மாவும் சிரிப்பாள். மதினியும் சேர்ந்து சிரித்துக்கொண்டு வெறுங்குடத்தை இடுப்பில் மாற்றி வைப்பாள்.

இனி என் கதை. அந்தக் காலத்தில் எங்களுக்குக் குளியல் நின்றுவிட்டது. ஒரு செம்புத் தண்ணீரில் முகமும் கையும் மட்டும். ஹாலிஎலைப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் வாத்தியார் அடிமட்டக் கோலால் என் சட்டைக் கழுத்தை விலக்கி, வகுப்புக்குக் காட்டினார். "இவன் கழுத்துல உருளைக்கெழங்கு நடலாம்டா. எரு போடவே தேவையில்ல." டவுன் பிள்ளைகள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். மறுநாள் யாரோ பெரியவர் பள்ளிக்கு வருவதாகவும் அவர் முன்னால் நான் பாட்டு ஒப்புவிக்க வேண்டும் என்றும் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். வாத்தியார் சொன்னார்: "இந்தக் கழுத்தோட வந்தா வாசல்லயே நிப்பாட்டுவேன்."

மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன். அம்மா இடுப்பில் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கும் சாக்குப் படங்கு கிழிந்து கிடந்தது. அதில் ஒரு துண்டையும் சவுக்காரத்தையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனேன். முனிக் கல்லைப் பார்க்காமல் தாண்டினேன். தொட்டியில் தண்ணீர் கணுக்கால் அளவுதான் கிடந்தது. ஊறுவது ஊற ஊறக் குழாய் இழுத்துக்கொண்டிருந்தது. சாக்குத் துண்டைச் சுருட்டிக் குழாய் வாயில் அடைத்தேன். காலால் மிதித்து இறுக்கினேன். தண்ணீர் மெதுவாக ஏறியது. அதில் இறங்கி உட்கார்ந்தேன். அந்தக் குளிர்ச்சியை இப்போதும் முதுகில் உணர்கிறேன். கழுத்தை நகத்தாலும் சவுக்காரத்தாலும் தேய்த்து எடுத்தேன்.

பாதையில் காலடிச் சத்தம் கேட்டது. உடுப்பை அள்ளிக்கொண்டு மேல்பக்கப் புதருக்குள் புகுந்தேன்.

வந்தது மதினி. குடத்தோடு. கல்லின் முன்னால் நின்று கும்பிட்டாள். பிறகு தொட்டிக்கு வந்து, நுரை மிதக்கும் தண்ணீரைப் பார்த்து அங்கும் இங்கும் திரும்பினாள். "யாரு?" என்று ஒரு தடவை கேட்டாள். நான் மூச்சை அடக்கினேன். அவள் நுரையை விரலால் விலக்கி, குடத்தைச் சரித்து நிறைத்துக்கொண்டு போனாள். பள்ளிக்கு நேரமாகிவிட்டது. நான் மறுபக்கமாக இறங்கி ஓடினேன். சாக்கு ஞாபகம் வந்தது. தண்ணீர் சேர்ந்தால் தானாகவே தள்ளிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பாட்டை நன்றாகவே ஒப்புவித்தேன். கைதட்டினார்கள்.

பின்னேரம் லயத்துக்குத் திரும்பியபோது பீலி நின்றிருந்தது. நூல்கூட இல்லை. கல் காய்ந்து வெளுத்திருந்தது. அப்போதுதான் ஆண்கள் காட்டிலிருந்து இறங்கி வந்தார்கள். அவர்கள் முகம் வேறு மாதிரி இருந்தது. ஊற்று வற்றியிருந்தால்கூட அப்படிப் பயந்திருக்க மாட்டார்கள்.

பெரியப்பா சொன்னார்: "தொட்டி ததும்பி நிக்கிது. பின்பக்கத்துப் பள்ளத்துல வழிஞ்சு ஓடுது. குழாயில ஒரு சொட்டு எறங்கல. என்னா அர்த்தம்? முனி வாய மூடிக்கிட்டாரு."

ஒருவராவது தொட்டிக்குள் கையை விட்டுப் பார்த்திருந்தால் என் படங்குத் துண்டு அகப்பட்டிருக்கும். பூசைக்கு முன்னால் கை விடக்கூடாது என்பதால் யாரும் விடவில்லை.

"இன்னைக்கு மேல யாரு போனது?" என்று பெரியப்பா கேட்டார்.

என் அம்மா அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதை நான் இங்கே பதிந்தாக வேண்டும். "காலையில கடைசிக் காம்பராப் பொண்ணு நெறகுடத்தோட எறங்கி வந்தாளே" என்றாள். அவ்வளவுதான்.

மதினியைக் கூப்பிட்டார்கள். அவள் மறைக்கவில்லை. "போனேங்க. பீலியில எனக்குக் கெடைக்கல. மாமியாருக்குத் தேத்தண்ணி வைக்கணும். கும்புட்டுட்டுத்தான் எடுத்தேன்."

"தூரமா இருந்தியா?"

"இல்லைங்க. சத்தியமா இல்லைங்க." பிறகு அவள் சொன்னாள்: "தொட்டியில சவுக்கார நொரை மெதந்துச்சுங்க. எனக்கு முன்னாடியே யாரோ குளிச்சிருக்காங்க."

அங்கேதான் நான் பேசியிருக்க வேண்டும். அவளுடைய மாமியார் முந்திக்கொண்டாள். "சாமி தொட்டியில குளிக்க எவனுக்குடி துணிச்சல் வரும்? செஞ்ச வாயி கத கட்டுது பாரு."

வீட்டுக்குள் வந்ததும் அம்மா விளக்கைத் தூக்கி என்னைப் பார்த்தாள். "என்னடா, கழுத்து பளபளன்னு இருக்கு?"

"பள்ளிக்கூடத்துல கழுவிவிட்டாங்க" என்றேன். அவள் சந்தோசப்பட்டாள். லயம் முழுக்கத் தேடிக்கொண்டிருந்த சாட்சி அவள் கண்ணெதிரே என் கழுத்தில் இருந்தது. அதை அவள் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பூசை என்று முடிவாயிற்று. அதுவரை கீழே ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் சுமக்க வேண்டும். மதினிக்குத் தனியாக ஒரு கட்டளை: அவள் எந்தத் தண்ணீரையும் தன் கையால் மொள்ளக்கூடாது. வேறு யாராவதுதான் ஊற்ற வேண்டும். ஆற்றங்கரையில் அவள் குடத்தை வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பாள். என் அம்மா இரண்டு குடமும் ஒட்டாதபடி உயரத்திலிருந்து ஊற்றுவாள். பாதி வெளியே சிந்தும். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில் சாக்கை எடுத்துவிடத் தோன்றவில்லையா என்று கேட்பீர்கள். தோன்றியது. காட்டுப் பாதையில் பெரியப்பா காவலுக்கு ஆட்களை வைத்திருந்தார். அதுமட்டுமல்ல, நான் பயந்தேன். முனிக்கு அல்ல, பெரியப்பாவின் பிரம்புக்கு.

வெள்ளிக்கிழமை காலையில் மறுபக்கச் சரிவால் ஏறினேன். தண்ணீர் முதலிலேயே வந்துவிட்டால் பூசையே தேவைப்படாது, அவளை விட்டுவிடுவார்கள் என்பது என் கணக்கு. ஆனால் இரண்டு இளந்தாரிகள் தொட்டியைச் சுற்றி வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார்கள். புதருக்குள் காத்திருந்தேன். அவர்கள் கீழே கல்லடிக்கு இறங்கியபோது எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். இலைகளுக்கிடையே எனக்கு எல்லாம் தெரிந்தது. மதினி ஈரச் சேலையோடு கல்லின் முன்னால் முழந்தாளில் இருந்தாள். காற்றில் அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஒன் வாயால சொல்லு. நாந்தான் கெடுத்தேன்னு சொல்லு. அவரு எறங்கிருவாரு" என்றார் பெரியப்பா.

"நான் கெடுக்கலைங்க."

"சொல்லிருடி" என்றான் அவள் புருசன். அவன் குரலில் கோபத்தைவிடக் கெஞ்சல்தான் இருந்தது. "சொல்லிட்டா முடிஞ்சுபோகும். வீட்டுக்குப் போவோம்."

"செய்யாததை எப்பிடிங்க சொல்றது?"

அப்போதுதான் நான் தொட்டிக்குள் கையை விட்டேன். சாக்கு ஊதி இறுகியிருந்தது. இரண்டு கையாலும் இழுத்தேன். பிடுங்கிக்கொண்டு வந்தது. தண்ணீர் சுழித்து இறங்கத் தொடங்கியது. இப்போது கேட்கும், இப்போது அவளை எழுப்பிவிடுவார்கள் என்று புதருக்குள் கிடந்தேன். ஆனால் காய்ந்த குழாயில் காற்று அடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போக நேரம் எடுத்தது. அந்த நேரத்துக்குள் அவள் புருசன் அவள் தலைமயிரைப் பிடித்துக் கல்லோடு அழுத்தினான். அவள் கத்தினாள்: "நாந்தான்! நாந்தான் கெடுத்தேன் சாமி!"

கல்லுக்குப் பக்கத்தில் கிடந்த குழாய் ஊளையிட்டது. மிருகம் போல ஒரு சத்தம். பிறகு மூட்டுகளிலிருந்து தண்ணீர் பீறியது. கீழே லயத்திலிருந்து "வந்திருச்சு, வந்திருச்சு" என்று பிள்ளைகள் கத்தினார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். பெரியப்பா மண்ணில் விழுந்து கும்பிட்டார்.

மதினி கும்பிடவில்லை. குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் நான் அன்று கண்டதை இன்றுவரை நான் மறந்ததில்லை. அவள் நம்பிவிட்டாள்.

அவளைக் காப்பாற்ற நான் செய்த ஒரே காரியம் அவள் குற்றத்துக்கு அத்தாட்சியாகிவிட்டது.

அடுத்த வாரம் அவளுடைய தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புருசன் அவளை பஸ்ஸுக்குக் கூட்டிப்போனான். மழை விழுந்ததும் கூட்டிவருவதாகச் சொன்னான். ஐப்பசியில் மழை விழுந்தது. மாமியார் விடவில்லை. தையில் அவனுக்கு வேறு பெண் பார்த்தார்கள். அந்தத் தை முடிவதற்கு முன்னாலேயே மதினிக்கு ஹல்துமுல்லையில் ஒரு பெண்பிள்ளை பிறந்த செய்தி வந்தது. எனக்குக் கணக்குப் போடத் தெரிந்த வயதில் ஒரு நாள் அந்த மாதங்களை எண்ணிப் பார்த்தேன். தொட்டிக்கு வந்த அன்று அவள் வயிற்றில் ஏற்கெனவே பிள்ளை இருந்திருக்கிறது. தூரமாக இருந்திருக்கவே முடியாது. அவள் உண்மைக்குச் சாட்சியாக ஒரு பிள்ளையே பிறந்திருந்தது. லயத்தில் யாரும் எண்ணவில்லை.

நான் படித்தேன். பதுளையில் ஆசிரியரானேன். வீடு கட்டினேன். இரண்டு குழாய் உள்ளே, ஒன்று வெளியே. தண்ணீர் நின்று திரும்பி வரும்போது குழாய் இருமும் அல்லவா, அந்தச் சத்தம் கேட்டால் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். என் மனைவி அதை ஏதோ ஒரு நோய் என்று நினைத்திருந்தாள். அவளிடமும் சொன்னதில்லை.

அண்ணன், அதாவது மதினியின் புருசன், கடைசிக் காலத்தில் மூச்சிரைப்பு வருத்தத்துக்காக மாதமொருமுறை பதுளை ஆஸ்பத்திரிக்கு வருவார். முடிந்ததும் என் வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். ஒரு நாள் அவராகவே சொன்னார்: "மொதல்ல கட்டினவ நல்ல பொம்பளதான் தம்பி. இன்னைக்கும் கனவுல வர்றா. ஆனா சாமி காரியமில்லையா, நாம என்னா செய்யிறது?" நான் அவருடைய கோப்பையில் சீனியைப் போட்டுக் கலக்கினேன். கரைந்த பிறகும் கலக்கிக்கொண்டிருந்தேன். "ஆறிப்போகுது தம்பி, கொடுங்க" என்றார். அதற்கடுத்த வருடம் அவர் இறந்தார். சவ வீட்டுக்குப் போய் மண் போட்டுவிட்டு வந்தேன்.

இந்த வருடம் கச்சான் கடுமை. எங்கள் தெருவில் குழாய் நின்று, பவுசர் லொறியில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நானும் வாளியோடு வரிசையில் நின்றேன். பக்கத்து வாடகை வீட்டுக்குப் புதிதாக வந்த ஒரு பெண்ணை எல்லோருமாகப் பின்னால் தள்ளினார்கள். அவள் சிரித்துக்கொண்டே வாளியைக் கை மாற்றினாள். நான் வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். அடுத்த நாள் ஹல்துமுல்லைக்கு பஸ் ஏறினேன்.

விசாரித்துக் கண்டுபிடிப்பது சிரமமாக இருக்கவில்லை. ரோட்டுக்குக் கீழே, லயத்துக் கடைசியில், முன்பக்கம் கட்டிப் பெருப்பித்த வீடு. வாசலில் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி, ஒரு குழாய். மதினி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். உடம்பு சிறுத்துவிட்டது. பக்கத்தில் மகள், அறுபது வயதுக்காரி, பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க ஐயா, உக்காருங்க. யாருன்னு தெரியலையே" என்றாள் மதினி.

"மதினி" என்றேன்.

அவள் சிரித்தாள். "மதினியா? என்னைய அப்பிடிக் கூப்புட இப்ப யாருமே இல்லையே. ஹாலிஎலப் பக்கத்து ஆளா நீங்க?"

சொன்னேன். படங்குத் துண்டு, சவுக்காரம், புதர், வெள்ளிக்கிழமை, எல்லாவற்றையும். மகளின் கத்தி நின்றுவிட்டது. மதினி இடையில் குறுக்கிடவில்லை. முடிந்ததும் ஒரு சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

"வயசான காலத்துல என் மனசு ஆறட்டும்னு சொல்றீங்க. நல்ல மனசு ஐயா ஒங்களுக்கு. ஆனா அது சாமி மூடினது. நான் சொன்னதும் தொறந்துச்சு. என் காதால கேட்டேன்."

"நான் பிடுங்கினதாலதான் வந்துச்சு மதினி."

"தூரமா இல்லதான். ஆனா தொட்டிக்குள்ள வெரல விட்டேனே. நொரைய ஒதுக்கினேன்ல, அப்ப விட்டேன்."

"அந்த நொரை என்னுது. நான் குளிச்சது."

நாக்கு வறண்டுவிட்டதுபோல, "தண்ணி குடும்மா" என்றாள் மகளிடம். குழாய் அவளுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மகள் எழுந்து போய்ப் பிடித்து வந்து, செம்பைக் கையில் கொடுக்காமல் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா? எங்கம்மா குழாயத் தொட மாட்டாங்க. தண்ணிய மொள்ள மாட்டாங்க. எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லருந்து நாந்தான் ஊத்துறேன். நான் கலியாணம் கட்டி வேற தோட்டத்துக்குப் போக முடியல, இவுங்களுக்குத் தண்ணி ஊத்த ஆளில்லன்னு. மாப்பிளைதான் இங்க வந்தாரு."

பெரியப்பா அந்தக் கட்டளையைப் போட்டார். பூசை முடிந்த சந்தோசத்தில் அதை நீக்க யாரும் நினைக்கவில்லை. இவள் அதைச் சுமந்துகொண்டு பஸ் ஏறியிருக்கிறாள்.

"எங்கப்பாவ நான் ஒரு தடவகூடப் பாத்ததில்ல" என்றாள் மகள். "இங்க வந்து எங்ககிட்ட சொன்னா ஆச்சா? அந்த லயத்துல போயிச் சொல்லுங்க."

போனேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். பெரியப்பாவின் இடத்தில் இப்போது ஒரு இளைஞன் தலைவர். எனக்கு நாற்காலி போட்டு, சோடா வாங்கிவரச் சொன்னான். கோயில் முன்னால் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டினான். நான் எழுந்து நின்று சொன்னேன். பெண்கள் வாயில் கை வைத்துக் கேட்டார்கள். கதை அவர்களுக்குத் தெரிந்திருந்தது, ஆள்தான் தெரியாது.

அந்த இளைஞன் மரியாதையோடு சொன்னான்: "அந்தப் பொம்பள தண்ணிய நிப்பாட்டினதுக்கப்புறம்தான் சார், கல்லைத் தாண்டி எந்தப் பொம்பளையும் போகக்கூடாதுன்னு கட்டுப்பாடு வந்துச்சு."

"அவ நிப்பாட்டல தம்பி. நான்."

"சரி சார். அது இருக்கட்டும். கட்டுப்பாடு நல்லதுதானே. எதுக்கு மாத்திக்கிட்டு?" பிறகு ஆடிப் பூசைக்கு என்னால் இயன்றதைக் கொடுக்கச் சொன்னான். கொடுத்துவிட்டு இறங்கினேன்.

இரண்டு மூன்று வாரம் கழித்து, நான் கொடுத்துவிட்டு வந்த தொலைபேசி எண்ணுக்கு மகள் அழைத்தாள். குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது.

"நீங்க வந்துட்டுப் போனதுலருந்து அம்மா சரியாப் பேசுறதில்ல. நான் ஊத்துற தண்ணியும் வேண்டாம்கிறாங்க. அவுங்களா பிடிக்கவும் மாட்டேங்கிறாங்க. குழாய்க்கிட்ட நாற்காலியப் போட்டு அதையே பாத்துக்கிட்டு இருக்காங்க. இன்னைக்கு ஒன்னு கேக்கச் சொன்னாங்க. எங்கப்பா சாகமுன்ன அவருக்கு நீங்க இதைச் சொன்னீங்களா?"

அந்தக் கேள்வியில் அவள் என்னை நம்பிவிட்டாள் என்பது தெரிந்தது. ஒரு பொய் என் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னேன், அவர் அழுதார், உங்களைத் தேடி வரத்தான் இருந்தார் என்று சொல்லலாம். மறுத்துச் சொல்ல யாரும் உயிரோடு இல்லை. அவள் மிச்ச நாளுக்கு அது போதும்.

"இல்ல" என்றேன். "மாசாமாசம் வந்தாரு. நான் சொல்லல."

மறுமுனையில் தொலைபேசி கை மாறும் சத்தம். பிறகு மதினியின் மூச்சு. எங்கோ தகரம் அடித்துக்கொண்டிருந்தது. அவள் என்னை ஐயா என்று கூப்பிடவில்லை.

"அப்ப எனக்கு மட்டும் எதுக்குடா வந்து சொன்ன?"

நான் வாயைத் திறந்தேன். அவள் காத்திருந்தாள். உண்மையாகவே பதில் வேண்டித்தான் காத்திருந்தாள்; வைத்துவிடவில்லை. என்னிடம் இருந்த பதில்கள் எல்லாம் என் நிம்மதியைப் பற்றியவை என்று அப்போதுதான் கண்டேன். நெடுநேரம் கழித்து மகள் தொலைபேசியை வாங்கி, "இனிமே எங்களைக் கூப்புடாதீங்க" என்றாள்.

கூப்பிடவில்லை.